புதுப்பிப்பு: நான்காவது வாரத்தில் குறைந்த பல் உள்வைப்பின் உறுதி மீண்டது (பினாங்கு)

அம்மாவின் கீழ்க்கடைவாயில் பொருத்திய டைட்டானிய உள்வைப்பின் (பல்லுக்குப் பதிலாகத் தாடையெலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) ஐ.எஸ்.கியூ. அளவு, அதாவது அது எலும்பில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதை 1 முதல் 100 வரை காட்டும் எண், முதல் நாள் 72 ஆக இருந்து நான்காவது வாரத்தில் 58க்கு இறங்கியதால், அதை எடுத்துவிட வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

எடுக்க நேரவில்லை. பழைய எலும்பின் பிடி தளர்ந்து, புதிய எலும்பு இன்னும் முழுமையாக ஒட்டாத மூன்றாம், நான்காம் வாரங்களில் இந்தச் சரிவு இயல்புதான், வலியும் அசைவும் இல்லையென்றால் பொறுத்திருங்கள் என்று பட்டர்வொர்த்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் இங்கே எழுதியதே சரியாக அமைந்தது. எட்டாவது வாரத்தில் 69, பன்னிரண்டாவது வாரத்தில் 75. சென்ற வாரம் ஜார்ஜ்டவுனில் பல்லுறை பொருத்தினார்கள்.

எதிர்பாராதது ஒன்று உண்டு. அந்த 58 முழு உண்மையல்ல. அளப்பதற்காக உள்வைப்பின்மேல் திருகும் சிறு ஆணி சரியாக இறுகாமல் இருந்திருக்கிறது. மறுநாள் அதை விரலால் நன்றாகத் திருகி, கன்னப்பக்கத்திலிருந்தும் பல்வரிசையின் போக்கிலும் அளந்தபோது 63 காட்டியது. ஆகவே குறைந்த எண்ணைக் கண்டால் முதலில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

ஈறுநீரில் (ஈறின் ஓரத்தில் ஊறும் நீர்) இன்டர்லூக்கின்-1 பீட்டா, ஆஸ்டியோகால்சின் ஆகிய புரதங்களைச் சோதிக்கும் யோசனையையும் மருத்துவரிடம் கேட்டேன். முன்னது அழற்சியையும் பின்னது எலும்பு உருவாவதையும் உணர்த்தினாலும், அவற்றை மட்டும் நம்பிப் பல்லுறைக்கு நாள் குறிப்பதில்லை என்று விளக்கிய அவர், அம்மாவுக்கு நீரிழிவு இருப்பதால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையையே முக்கியமாகக் கேட்டார்.