புதுப்பிப்பு: மேலே காந்தம் வைத்தால் ஆழத்தில் எப்படி மாறுகிறது?

மனச்சோர்வுக்கான காந்தத் தூண்டல் சிகிச்சை பற்றிய என் முந்தைய இழையில் பலர் கேட்டது இது: காந்தம் மண்டைக்குள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் எட்டும் என்றால், ஆழத்தில் இருக்கும் பகுதிக்கு என்ன ஆகிறது?

சரி, காந்தப்புலத்தை உண்டாக்கும் கம்பிச் சுருளை வைப்பது இடது முன்மூளைப் புறணியின் மேற்பக்கத்தில். காந்தப்புலம் சட்டென்று மாறும்போது அங்கே மின்னோட்டம் பிறந்து நரம்பணுக்களைக் கிளப்புகிறது. அந்தக் கிளர்ச்சி நரம்பிழைகள் வழியே உள்ளே தொடர்புள்ள பகுதிகளுக்கும் போகும். 2012-இல் நரம்பியல் மருத்துவர் மைக்கேல் ஃபாக்ஸின் குழு மூளை ஸ்கேன்களை அலசியது. ஆழத்தில், மனநிலையோடு தொடர்புள்ள சிங்குலேட் பகுதியின் செயல்பாடு ஏறும்போது தங்கள் செயல்பாடு இறங்கி, அது இறங்கும்போது ஏறும் மேற்புறப் புள்ளிகளைத் தூண்டினால்தான் பலன் கூடுதல் என்று தெரிந்தது. எனக்கு இதுதான் ஆச்சரியம்.

வேகமும் முக்கியம். நொடிக்கு 10 துடிப்பு பொதுவாக அந்த இடத்தைத் தூண்டும். 1 என்றால் அடக்கும். ஆளுக்கு ஆள் மாறும், கறாரான விதி இல்லை.

அப்புறம், ஒரு அமர்வுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டவருக்கு: பழைய முறையில் ஏறக்குறைய 37 நிமிடம், துடிப்புகளைச் சிறு கொத்துகளாக வேகமாக அனுப்பும் தீட்டா பர்ஸ்ட் முறையில் 3 நிமிடம். 2018-இல் வெளியான கனடா ஆய்வில் பலன் குறையவில்லை.

தீவிரத்தை முடிவுசெய்ய, முதலில் உடலசைவை இயக்கும் மூளைப் பகுதிமேல் சுருளை வைத்து, கட்டைவிரல் துள்ளும் அளவைக் குறித்துக்கொள்வார்கள்.