முழுப் பித்தளை லிங்கன்ஷயர் பேட்ஜ்: 1916 அசலா, பிற்கால நகலா?

பிரிட்டிஷ் காலாட்படைப் பிரிவான லிங்கன்ஷயர் ரெஜிமென்ட்டின் தொப்பி பேட்ஜ் ஒன்றின் காலத்தை உறுதி செய்ய முடியாமல் நிற்கிறேன். 1801 எகிப்துப் போரின் நினைவாக அந்தப் படைக்குக் கிடைத்த ஸ்பிங்க்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவம்), அடியில் பெயர்ப் பட்டை. வழக்கமாக ஸ்பிங்க்ஸ் வெள்ளை உலோகத்திலும் பட்டை பித்தளையிலும் இருக்கும். இதுவோ மொத்தமும் பித்தளை. முதல் உலகப் போரில், 1916 வாக்கில், உலோகத்தை மிச்சப்படுத்த இப்படி அடித்தார்கள் என்பதால்தான் இத்தனை ஆவல்.

பட்டையில் 'ராயல்' இல்லை. அந்தப் பட்டம் 1946-இல்தான் வந்தது. ஆனால் நகல் அடிப்பவர்களும் இதே வடிவத்தைத்தான் எடுக்கிறார்கள்.

பின்பக்கம் ஸ்லைடர் (தொப்பியில் செருகும் உலோகப் பட்டை) இருக்கிறது, தயாரிப்பாளர் முத்திரை கிடையாது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: வார்ப்பில் வரும் பொடித் துளைகள் இல்லை, முன்புற உருவம் பின்னால் குழிவாக விழுந்திருக்கிறது; அதாவது வார்த்ததல்ல, அச்சில் அடித்தது. கையேட்டுப் படங்களோடும் ஒப்பிட்டாயிற்று. அவை பெரும்பாலும் இரட்டை உலோக வகையே.

நெருடுவது ஸ்பிங்க்ஸின் முகம்தான். மூக்கும் உதடும் மழுங்கிப்போயிருக்க, பட்டை எழுத்துகள் கூர்மையாக நிற்கின்றன. மேடான இடம் பாலிஷில் முதலில் தேயும், சரி. அப்புறம் தலைத்துணியின் விளிம்பு மட்டும் எப்படித் தேயாமல் இருக்கிறது?

முழுப் பித்தளை அசலை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: உங்களுடையதிலும் முகம் இப்படித்தான் மழுங்கியிருக்கிறதா?