கலைச்சொல்: மணிக்கட்டு முறிவில் ‘ரிடக்‌ஷன்’ - குறைப்பா, இருத்துதலா?

வணக்கம்.

முறிந்து விலகிய எலும்பைத் திரும்ப அதன் இடத்தில் வைப்பதுதான் ‘ரிடக்‌ஷன்’. தோலைக் கீறாமல் செய்தால் ‘குளோஸ்டு ரிடக்‌ஷன்’. நோயாளிகளுக்கான துண்டறிக்கையில் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் மருத்துவர் ஐயா நேற்று கேட்டிருந்தார்:

> ‘குளோஸ்டு ரிடக்‌ஷன்’ என்பதற்கு ‘மூடிய குறைப்பு’ ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம் ஐயா. போன வருடம் என் அம்மா குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி வளைந்துவிட்டது. கையெழுத்துக்காக நீட்டிய தாளில் ‘மூடிய குறைப்பு’ என்று இருந்தது. “எலும்பைக் குறைக்கப் போறாங்களாடா? கை குட்டையாயிடுமா?” என்று கேட்டார். அங்கே என்னாலும் பதில் சொல்ல முடியவில்லை.

‘ரிடக்‌ஷன்’ என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் திருப்பிக் கொண்டுவருதல் என்றுதான் பொருள். 1814இல் டப்ளினில் ஆபிரகாம் காலிஸ் என்ற அறுவை மருத்துவர் இந்த மணிக்கட்டு முறிவை விவரித்தபோது எக்ஸ்ரே வர இன்னும் 81 ஆண்டுகள் இருந்தன. தடவிப் பார்த்து, இழுத்து, இடத்தில் வைப்பதுதான் வேலை. இங்கே குறைவதற்கு ஒன்றுமில்லை.

‘இடஞ்சேர்த்தல்’ என்று அக்கா ஒருவர் சொன்னது முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ‘எலும்பு சேர்ந்துடுச்சு’ என்றால் நம் வீடுகளில் முறிவு ஆறிக் கூடிவிட்டது என்று அர்த்தம். இடத்தில் வைப்பது அன்றைக்கே முடியும், கூடுவதற்கு வாரக்கணக்காகும். இரண்டுக்கும் ஒரே வினை வந்தால் மாவுக்கட்டை எதற்குப் போடுகிறார்கள் என்றே புரியாது.

அதனால் ‘இருத்துதல்’ என்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஆளைக் கதிரையில் இருத்துவார்கள். இங்கே உட்கார வைப்போம். அதே பொருள்தான். கீறாமல் செய்தால் ‘கையால் இருத்துதல்’, கீறிச் செய்தால் ‘கீறி இருத்துதல்’. ‘மூடிய’, ‘திறந்த’ இரண்டையும் விட்டுவிடலாம். தோல் கிழிந்து எலும்புவரை காயம் போனால் அதைத் ‘திறந்த முறிவு’ என்கிறோம். அறுவை மருத்துவர் திறப்பதையும் அப்படியே சொன்னால் குழப்பம்தான்.

இருத்திய எலும்பு நழுவாமல் பிடித்துவைக்கும் பொருள்களுக்கு வருவோம். ‘கிர்ஷ்னர் கம்பி’யில் கை வைக்க வேண்டாம், வார்டில் எல்லாருக்கும் கே-வயர்தான். தோல் வழியே குத்தி, சில வாரங்களில் உருவிவிடும் மெல்லிய கம்பி. வெளியே நிற்கும் சட்டத்துக்கு ‘வெளிச்சட்டம்’ போதும்.

‘லாக்கிங் பிளேட்’தான் தகராறு. ‘பூட்டுத் தகடு’ என்றால் சாவி எங்கே என்று கேட்பார்கள். சாதாரணத் தகட்டில் திருகு எலும்பைக் கவ்வித் தகட்டை அதன்மேல் அழுத்துகிறது. இதிலோ திருகின் தலையிலும் மரை உண்டு. அது தகட்டின் துளையில் உள்ள மரையோடு பின்னிக்கொள்கிறது. எலும்பு பொறபொறவென்று இருந்தாலும் திருகு எளிதில் ஆடாது. ஆகவே ‘மரைப்பூட்டுத் தகடு’. (மரை கழன்றவன் என்று யாராவது என்னைச் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.)

> ‘உறுதித் தகடு’ என்றால் நோயாளிக்கு நம்பிக்கை வருமே?

வரும், அதுதான் சிக்கல். பிரிட்டனில் 461 பேரிடம் கம்பியையும் தகட்டையும் ஒப்பிட்டு 2014இல் முடிவை வெளியிட்டார்கள். கையாலேயே மூட்டுப்பரப்பை இருத்த முடிந்த முறிவுகள் அவை. ஓராண்டு கழித்துக் கையின் செயல்பாட்டில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மூட்டுப்பரப்பு உடைந்து கையால் இருத்த முடியாதபோது தகட்டுக்கு வேலை இருக்கிறது, சரி. அதற்காகப் பெயரிலேயே ‘உறுதி’யைச் சேர்த்தால் நாம் தகடு விற்பவர்களாகிவிடுவோம்.

‘வோலர்’, அதாவது உள்ளங்கைப் பக்கம் என்பதற்கான சொல் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. புறங்கைப் பக்கம் தசைநாண்கள் எலும்பை ஒட்டி ஓடுவதால், அவை உரசாதபடி பெரும்பாலும் மறுபக்கத்தில் தகட்டை வைக்கிறார்கள். ‘உள்ளங்கைப் பக்க மரைப்பூட்டுத் தகடு’ என்று எழுதினால் துண்டறிக்கையில் ஒரு வரியையே விழுங்கிவிடுகிறது. ‘அகங்கை மரைப்பூட்டுத் தகடு’ என்றால் தகடு உள்ளங்கைக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொள்வார்களா? ஈழத்து நண்பர்கள் சொல்லுங்கள்.