'இழுசில்லு': யுத்த தாங்கியின் சங்கிலிப் பட்டிக்குரிய சொற்கள்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

யுத்த தாங்கியின் (tank) சங்கிலிப் பட்டியை ஓட்டும் சில்லுக்கு (drive sprocket) நம் சொல்லாக்க உரையாடலில் ஐயா ஒருவர் முன்வைத்த 'இயக்கப் பற்சக்கரம்' என்ற சொல்லை இரண்டு நாட்களாக மனதிற் போட்டுப் புரட்டிப் பார்த்தேன்; உடன்பட முடியவில்லை. பற்சக்கரம் என்றதும் பல்லோடு பல் பொருந்திச் சுழலும் கியர்தான் நம் மாணவரின் கண்முன் வரும். அந்தக் கியர்களோ தாங்கியின் உடலுக்குள் வேறாக இருக்கின்றன. நாம் பெயர் தேடும் சில்லு வெளியே நின்று, பட்டியின் கண்ணிகளைப் (links) பிடித்து இழுக்கிறது. இதனிலும் வலுவான தடை, சோவியத் டி-34 தாங்கியில் அந்தச் சில்லுக்குப் பல்லே கிடையாது என்பதுதான். இரு தட்டுகளுக்கிடையே பொருத்திய ஆறு உருளைகள், ஒன்றுவிட்டொரு கண்ணியில் உட்புறமாக எழுந்து நிற்கும் கொம்புகளில் மாட்டிப் பட்டியை நகர்த்துகின்றன.

1/35 அளவில் அந்தத் தாங்கியின் மாதிரியைக் கட்டியபோது இதை விரல்நுனியில் உணர்ந்தேன். 500 மில்லிமீற்றர் அகலமான பட்டி அந்த அளவில் 14 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். கண்ணிகளைத் தனித்தனியே கோத்துவந்ததில், கொம்புள்ளதும் இல்லாததும் மாறிமாறி வரவேண்டிய வரிசையில் கொம்பில்லாதவை இரண்டு ஓரிடத்தில் அடுத்தடுத்து விழுந்துவிட்டன. சில்லை உருட்டியதும் அவ்விடத்தில் உருளை பிடியில்லாமற் சுற்ற, அடுத்த கொம்பு உருளையின்மேல் ஏறிப் பட்டி கூனிக்கொண்டது. முழுவதையும் கழற்றி மறுபடி கோத்தேன்.

ஆகவே வடிவத்தை விட்டுத் தொழிலைக் கொண்டு 'இழுசில்லு' என்போம். அமெரிக்க ஷெர்மன் தாங்கியில் அது முன்னே இருக்கிறது, டி-34இல் பின்னே. எங்கிருந்தாலும் அது செய்வது பட்டியைத் தன்பால் இழுப்பதுதான். 'இழுவை' (tension) என்று நம் பௌதிகப் பாடநூல்கள் வழங்கும் விசையோடு இது குழம்பாதா என்று கேட்கலாம், ஏனெனில் பட்டியின் இழுவையைக் கூட்டிக் குறைப்பது மறுமுனையிலுள்ள வெறுஞ்சில்லு (idler). அதற்கு 'இறுக்குசில்லு' என்று பெயரிட்டால் குழப்பம் நீங்கும். தரையில் பாரத்தைச் சுமப்பவை சுமைசில்லுகள். மேற்பட்டியை ஏந்துபவை ஏந்துருளைகள்.

பல்லுள்ள வகையில் அந்தப் பற்களுக்கும் தனிப்பெயர் வேண்டும். பல தாங்கிகளில் அவை சில்லின் குடத்தில் போல்ற்றால் பூட்டிய தனி வளையமாகவே வருவதால் 'பல்வளையம்' பொருந்தும். பராமரிப்புப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் இல்லாமல் முடியாது. பட்டி 'நீண்டுவிட்டது' என்று நாம் சொன்னாலும் இரும்பு நீள்வதில்லை. எழுபது எண்பது இணைப்புகளிலும் ஆணியும் துளையும் மயிரிழை மயிரிழையாகத் தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடிவிடுகிறது. அப்போது கண்ணி பல்லின் அடியில் அமராமல் முகத்தில் ஏறி உராய, பல் ஒரு பக்கமே தேய்ந்து கொக்கிபோல ஆகிறது. இறுக்குசில்லை நகர்த்தியும் தொய்வு தீராவிட்டால் ஒரு கண்ணியைக் கழற்றிவிடுவார்கள். பல்வளையத்தை இடம் வலம் மாற்றிப் பூட்டித் தேயாத முகத்தைப் பயன்படுத்துவதும் உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்பவர் "செயினை மட்டும் மாத்தாதீங்க, ஸ்ப்ரொக்கெட்டையும் சேர்த்து மாத்துங்க" என்று சொல்வதன் காரணமும் இதுவே.

எஞ்சியிருப்பது கண்ணிகளைக் கோக்கும் ஆணி. 'கடையாணி' என்ற முன்மொழிவை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாட்டுவண்டியிற் கடையாணி சில்லு கழன்று போகாமற் காப்பது. கோப்பது அதன் வேலையன்று. கோப்பது 'கண்ணியாணி' ஆகட்டும். அது நழுவாமல் தடுக்கும் பூட்டுக்கு மட்டும் 'கடையாணி' இருக்கட்டும். டி-34இல் அந்தக் கடையாணியும் இல்லை. கண்ணியாணியின் தலை, தாங்கியின் உடலை நோக்கிய உட்புறம் இருக்கும். ஆணி கண்ணியிலிருந்து உடலின் பக்கமாக நழுவி வந்தால், உடலின் பின்பக்கத்தில் ஒட்டவைத்த சரிவான தகடு, பட்டி அதைக் கடக்குந்தோறும் தலையில் இடித்து மறுபடி கண்ணிக்குள் தள்ளிவிடும். அந்தத் தகட்டுக்கு நான் இன்னும் சொல் காணவில்லை. உங்கள் முன்மொழிவுகளை எதிர்பார்க்கிறேன்.