சின்னம்மை ஐஜிஜி எலிசா: ஒரே சீரம், ரெண்டு ரிசல்ட். உதவுங்க

கிருஷ்ணகிரி லேப் தம்பி:
பஸ் ஸ்டாண்ட் பக்கம் சின்ன லேப்ல வேலை பாக்குறேன். நர்சிங் முடிச்ச பொண்ணு ஒண்ணு, வேலைக்குச் சேர சின்னம்மை ஆன்டிபாடி (ரத்தத்துல இருக்கிற எதிர்ப்புப் புரதம், ஐஜிஜி அதுல ஒரு வகை) ரிப்போர்ட் வேணும்னு வந்துச்சு. எலிசாங்கிற நிறம் மாறுற டெஸ்ட்ல ரத்தத்தோட சீரத்தை ஓட்டினேன். தடுப்பூசி ரெண்டு டோஸும் போட்ட அட்டை வச்சிருக்கு. செவ்வாய்க்கிழமை இண்டெக்ஸ் 0.94. எங்க கிட்ல 0.9லேர்ந்து 1.1 வரைக்கும் ரெண்டுங்கெட்டான். மறுநாள் அதே சீரத்தை ஓட்டினா 1.27, பாசிட்டிவ். அவங்க அம்மாவும் கேட்டாங்கன்னு அவங்களுக்கும் டெஸ்ட் ஓட்டினேன். சின்ன வயசுல அம்மை போட்டுச்சுன்னு சொன்னவங்களுக்கு 0.2! கிட் கெட்டுப்போச்சா?

ஓசூர்க்காரன்:
கன்ட்ரோல் (விடை தெரிஞ்ச சாம்பிள்) என்னப்பா சொல்லுது? பாஸ்னு சொல்லாத, ஓடி நம்பர், அதான் நிறத்தோட அடர்த்தி, அதைப் போடு. சாம்பிள் பிளேட்ல ஒரு வெல்லா (குழி), டூப்ளிகேட்டா ரெண்டு வெல்லா? ரெண்டு நாளும் எப்படிக் கழுவின?

கிருஷ்ணகிரி லேப் தம்பி:
நெகட்டிவ் கன்ட்ரோல் முதல் நாள் 0.06, மறுநாள் 0.15. ரெண்டுமே கிட் வரம்புக்குள்ளதான் அண்ணே. சாம்பிள் ஒரு வெல்தான். புதன்கிழமை கரண்ட் போயிடுச்சு, வாஷர் நின்னுபோச்சு, கையாலயே கழுவினேன்.

ஓசூர்க்காரன்:
அங்கதான் இருக்கு கதை. வரம்புக்குள்ள இருந்தாலும் ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கே. கையால கழுவினா ஒரு வெல்ல நல்லாப் போகும், இன்னொண்ணுல கான்ஜுகேட் (நிறம் வர வைக்கிற என்சைம் கோத்த ஆன்டிபாடி) ஒட்டிக்கிட்டு நிக்கும். நிறம் காட்டுற டிஎம்பி கரைசலை ஊத்தினதும் அதுவும் நீலமாகும், ஸ்டாப் கரைசல் போட்டா மஞ்சளாகி 450 நானோமீட்டர் ஒளியில அளக்கும்போது ஏத்திக் காட்டும். அந்த 1.27ஐ நம்பாத. ரீஏஜென்ட்டை (கிட்ல வர்ற கரைசலை) ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து வெளிய வச்சு, குளிர் போனப்புறம் டூப்ளிகேட்டா ஓட்டு. கழுவி முடிச்சதும் பிளேட்டைக் கவுத்து டிஷ்யூல நல்லாத் தட்டு.

தர்மபுரி மைக்ரோ பிஜி:
மறுபடி ஓட்டினாலும் அந்தப் பொண்ணுக்கு நடுவுலதான் நிக்கும்னு நினைக்கிறேன். நம்ம ஊர்ல கிடைக்கிற கிட் நிறைய, வைரஸ் வளர்த்த செல்லை உடைச்சு எடுத்த கலவையைத்தான் வெல்ல பூசியிருக்கும். நோய் வந்து போனவங்களோட ஆன்டிபாடியை அது நல்லாப் பிடிக்கும். தடுப்பூசியில வர்ற ஆன்டிபாடி அளவு கம்மி, நிறைய நழுவிடும்.

இதுல பெரிய அளவுகோல் ஃபாமாங்கிற டெஸ்ட். 1974ல வந்த முறை. வைரஸ் புகுந்த உயிருள்ள செல்லோட வெளிப்பரப்புல வைரஸோட கிளைக்கோபுரோட்டீன் (சர்க்கரை கோத்த புரதம்) இருக்கும். சீரத்துல ஆன்டிபாடி இருந்தா அதுல போய் ஒட்டும், ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப்ல செல்லைச் சுத்தி பச்சை வளையம் தெரியும். 1:4 நீர்ப்புலயும் வளையம் தெரிஞ்சா பாதுகாப்பு இருக்குன்னு எடுத்துக்குவாங்க. ஆனா வைரஸ் வளர்க்கணும், பார்க்கிற கண்ணும் பழகியிருக்கணும், தினசரி லேப்புக்கு ஆகாது. சுத்திகரிச்ச கிளைக்கோபுரோட்டீன் பூசின எலிசாவும் இருக்கு. தடுப்பூசி ஆய்வுகள்ல அதுல 5 யூனிட்டை எல்லையா வச்சாங்க. அது கடைக் கிட் இல்ல.

ஆன்டிபாடி கம்மின்னா பாதுகாப்பே இல்லன்னும் ஆகாது, டி செல்லோட (எதிர்ப்புச் சக்தி தர்ற வெள்ளணு) நினைவு இந்தக் கணக்குல வராது. ரெண்டு டோஸ் போட்டதுக்கு ஆதாரம் இருக்கிற சுகாதாரப் பணியாளருக்கு இந்த டெஸ்டே வேண்டாம்னுதான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்லுது. வேலை கொடுக்கிறவங்க அட்டையைப் பார்த்தா போதும்.

பாலக்கோடு நர்ஸ் அக்கா:
அம்மாவோட 0.2 எனக்கு ஆச்சரியமா இல்ல தம்பி. நம்ம பக்கம் எல்லாமே "அம்மை"தான். கொப்புளம் நீர் கோத்து நின்னுச்சா, இல்ல மணல் தூவின மாதிரி சிவந்துச்சான்னு கேளு. மணல்வாரின்னா அது தட்டம்மை, வேற வைரஸ். எதுவா இருந்தாலும் வீட்ல வேப்பிலை சொருகி, தண்ணி ஊத்தித்தான் முடிச்சிருப்பாங்க.

கிருஷ்ணகிரி லேப் தம்பி:
வாஷர்ல கழுவி டூப்ளிகேட்டா ஓட்டிட்டேன்: 0.97, 1.01. ரிப்போர்ட்ல "சந்தேக வரம்பு, தடுப்பூசி விவரத்தோடு பார்க்கவும்"னு எழுதி டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். அம்மாவுக்கு ரெண்டு வெல்லுமே 0.2தான். கேட்டேன் அக்கா, மணல்வாரியாம். பொண்ணு வார்டுக்குப் போறதுக்குள்ள தனக்கும் ஊசி போடலாமான்னு கேக்குறாங்க. டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கேன்.