“ஆழ்மூளைத் தூண்டல்”: தூண்டுகிறதா, அடக்குகிறதா?

செ. எழுதியது:

வணக்கம். நரம்பியல் பாடநூலில் ஓர் இயலை மொழிபெயர்த்து வருகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டீப் பிரெயின் ஸ்டிமுலேஷனுக்கு, அதாவது மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்து மின்துடிப்பு செலுத்தும் சிகிச்சைக்கு, இதுவரை “ஆழ்மூளைத் தூண்டல்” என்றே போட்டேன். அது மூளைப் புறணியை, அதாவது மூளையின் வெளியடுக்கை, என்ன செய்கிறது என்ற பகுதிக்கு வந்ததும் சொல் இடிக்கிறது. பார்க்கின்சன் நோயில், உடலசைவை ஆளும் இயக்கப் புறணியின் நரம்பணுக்கள் 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான பீட்டா தாளத்தில் அளவுமீறிக் கட்டுண்டு கிடக்கின்றன. மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸுக்கு அடியில் உள்ள சிறு நரம்புக்கருவில் (நரம்பணுத் திரளில்) மின்முனையை இறக்கி, விநாடிக்கு 130 துடிப்பு அளவில் செலுத்தினால் அந்தக் கட்டு தளர்கிறது. “தூண்டியதால் அடங்கியது” என்றா எழுதுவது?

வே. எழுதியது:

அதற்கு முன் “ஆழ்மூளை”யைப் பாருங்கள். ஆழ்கடல் வினைத்தொகை, கடல் ஆழ்கிறது. மூளை எங்கே ஆழ்ந்தது? “மூளையாழத் தூண்டல்” என்பதே இலக்கணம். “புறணி”யும் வேண்டாம், வகுப்பில் புறணி பேசுவதைத்தான் நினைப்பார்கள்.

ம. எழுதியது:

>மூளை எங்கே ஆழ்ந்தது?

மனம் மட்டும் ஆழ்ந்ததா, ஐயா? ஆழ்மனம் என்று எல்லோரும்தான் எழுதுகிறோம். புறணி என்றால் மரப்பட்டை, பழத்தோல். கார்டெக்ஸ் என்ற லத்தீன் சொல்லும் மரப்பட்டைதான். இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது.

இனி செ.வின் கேள்வி. 1987இல் பிரான்ஸின் கிரனோபிளில் மருத்துவர் பெனபித்தின் குழு நடுக்கத்துக்கு இம்முறையைத் தலாமஸில் கையாண்டபோது, அதே இடத்தைச் சுட்டு அழித்தாலும் நடுக்கம் குறையும் என்பது முன்பே தெரியும். ஆகவே மின்துடிப்பும் அந்த இடத்தை வாயடைக்கிறது என்றே பலர் எண்ணினார்கள். பாதிதான் சரி. நரம்பணுக்களின் உடல்கள் பெரும்பாலும் அடங்கினாலும் பக்கத்தில் ஓடும் நரம்பிழைகள் துடிக்கின்றன. புறணியிலிருந்து இடைநிறுத்தமின்றி, செ. சொன்ன நரம்புக்கருவுக்கு இறங்கும் இழைகளும் அவற்றில் உண்டு. துடிப்பு அவற்றில் தலைகீழாக ஏறி, சில மில்லிவிநாடிக்குள் புறணியைத் தொட்டுவிடுகிறது. தூண்டல் நடக்கிறது, தாளம் குலைவது அதன் விளைவு. பெயர் செயலைச் சொன்னால் போதும்.

கு. எழுதியது:

விளைவையும் சேர்த்துச் சொல்லலாமே, “ஆழ்மூளைப் பண்பேற்றம்”? இயற்பியலில் மாடுலேஷனுக்கு அந்தச் சொல்தான்.

செ. எழுதியது:

வானொலிப் பாடம் போல ஆகிவிடும். அப்புறம், ம. சொன்ன தலைகீழ் ஏற்றத்துக்கும், அதாவது ஆன்டிடிராமிக்குக்கும், சொல் வேண்டும். “எதிரோட்டத் துடிப்பு” சரிதானே?

வே. எழுதியது:

அது சரி. ஆனால் “தூண்டல்” பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தூண்டுகோல் திரியைத் தள்ளுவது. தள்ளத் தேவையில்லாத விளக்கு நுந்தா விளக்கு. நுந்து, உந்து எல்லாம் ஒரே வேர். தூண்டிலுக்கும் தூண்டுதான் வேர். வள்ளுவர் “தூண்டிற்பொன்” (931) என்கிறாரே, அங்கே பொன் என்றால் இரும்பு, பரிமேலழகரும் அப்படித்தான் உரை சொல்கிறார். மூளைக்குள் இறங்குவதும் உலோகம். ஆக, தூண்டல் என்றதும் கொக்கிதான் நினைவுக்கு வருகிறது. “நுந்தல்” தூய சொல்.

கு. எழுதியது:

நுந்தலை “நொந்தல்” என்று படிப்பார்கள். நோயாளி ஏற்கெனவே நொந்துதான் வருகிறார். தலாமஸையும் பீட்டாவையும் அப்படியே விட்டுவிட்டு, எல்லோருக்கும் புரிகிற தூண்டலை மட்டும் ஏன் துரத்துகிறோம்?

வே. எழுதியது:

தலாமஸை விட்டதாக யார் சொன்னது? அதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.

செ. எழுதியது:

ஆழ்மூளைத் தூண்டல், இயக்கப் புறணி, எதிரோட்டத் துடிப்பு. இவற்றையே அனுப்புகிறேன். “தூண்டியதால் அடங்கியது” என்பதை “தூண்டல் பீட்டா தாளத்தின் கட்டைத் தளர்த்துகிறது” என்று மாற்றிவிட்டேன், முரண் போயிற்று. தலாமஸ் மடல் வெள்ளிக்குப் பிறகு வரட்டும், ஐயா.

வே. எழுதியது:

அனுப்புங்கள். சொல்லடைவில் மட்டும் “மூளையாழத் தூண்டல் என்பாரும் உளர்” என்று ஒரு வரி சேருங்கள்.