காலில் புண், முதுகில் வலி: ரத்தத்தில் கிருமி பரவின அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
அப்பா வெள்ளிப் பட்டறையில கொலுசு வேலை. பழைய சுகர். குதிகால் வெடிப்பு புண்ணாச்சு, மஞ்சளும் டெட்டாலும் போட்டே ஓட்டினார். ஒரு சாயங்காலம் கட்டில் ஆடுற அளவுக்கு நடுக்கம், பேச்சு குழறல். செத்துப்போன பெரியப்பாவைக் கூப்பிட்டு, "தூள் எடை போட்டியாடா?"ன்னு கேட்டார். ஆஸ்பத்திரி போறப்ப பிரஷர் 80.

ஐசியூல டியூட்டி டாக்டர் முதல் ஊசிக்கு முன்னாடியே ரெண்டு கையிலயும் தனித்தனியா ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு (பாட்டில்ல வெச்சு எந்தக் கிருமி வளருதுன்னு பார்க்கிற டெஸ்ட்) அனுப்பினார். எங்களைக் காப்பாத்தினது அதுதான்னு நினைக்கிறேன். கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்னு பேர் தெரிஞ்சதும், பல கிருமிக்கும் சேர்த்துப் போட்ட பெரிய மருந்துகளை நிறுத்திட்டு, அதுக்கேத்த செஃபசோலின் ஊசிக்கு மாத்தினாங்க. இது ரத்தத்துல வந்தா நாலஞ்சு பேர்ல ஒருத்தர் தவறிடுவாங்கன்னு அப்பவே சொல்லிட்டார். இதய வால்வுல ஒட்டியிருக்கான்னு எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தாங்க, இல்லை. கிட்னி வேலையைக் காட்டுற கிரியாட்டினின் ஏறி இறங்குச்சு. காய்ச்சல் நின்னு வீட்டுக்குக் கிளம்புற நேரத்துல முதுகு வலின்னார். படுத்தே கிடந்த வலின்னு நாங்க நினைச்சோம், டாக்டர் நினைக்கல. எம்ஆர்ஐல முதுகெலும்புல கிருமி. அதுக்கு 6 வாரம் நரம்பு ஊசி.

ஏற்காடு மருமகள்:
எங்க அத்தைக்குக் காய்ச்சலே இல்லைங்க. காப்பி எஸ்டேட்ல வேலை பார்த்தவங்க, எழுபது தாண்டியாச்சு. உடம்பு சில்லுன்னு இருந்துச்சு, மூச்சு மட்டும் வேகமா வாங்குச்சு, ஆளை அடையாளம் தெரியல. நீர்க்கடுப்புன்னு மெடிக்கல்ல வாங்கின மாத்திரையை முன்னாடியே சாப்பிட்டிருந்தாங்க. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து கல்ச்சர் எடுத்தா, ரத்தத்துலயும் ஒன்னும் வளரல, யூரின்லயும் வளரல. எந்தக் கிருமின்னு தெரியாம, பல கிருமியையும் அடிக்கிற மெரோபெனம் ஊசி போட்டாங்க. பொழைச்சாங்க. ஆனா பழைய ஆள் இல்லை. அடுப்புல பால் வெச்சா மறந்துடுறாங்க, நாலு படி ஏறினா உட்கார்ந்துடுறாங்க.

லேப் தம்பி:
அக்கா, மாத்திரை உள்ள போயிட்டா கல்ச்சர் பாட்டில் ஏமாத்தும், கிருமி இருந்தாலும் வளராம போகலாம். சாதாரணமா 5 நாள் மெஷின்ல வைப்போம். ரெண்டு கையில எடுக்கிறது ரத்தத்தை வீணடிக்க இல்லை: தோல்ல இருக்கிற கிருமி ஒரு பாட்டில்ல மட்டும் வளர்ந்தா பெரும்பாலும் ஊசி போட்ட இடத்து அழுக்கு. ரெண்டுலயும் வந்தா விளையாட்டு இல்லை.

இன்னொன்னு. வயல்ல இறங்குற சுகர்காரருக்கு மழைக்காலத்துல ரிப்போர்ட்ல கிருமி பேர் "சூடோமோனாஸ்"னு வந்தா, அது மெலியாய்டோசிஸ்ங்கிற வேற நோயா இருக்குமான்னு ஒருதடவை கேளுங்க. அதோட கிருமி மண்ணுல இருக்கிறது, லேப்லயே சூடோமோனாஸ்னு ஆள் மாறிடும். ஊசி முடிஞ்சும் குறைஞ்சது 3 மாசம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை உண்டு. நல்லாயிட்டேன்னு நடுவுல விட்டவங்க திரும்ப வந்து அட்மிட் ஆனதைப் பார்த்திருக்கேன்.